இருபது மீட்டர் சைக்கிள்

அந்த அலுவலகத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட கடைசி ஆள் வேலையை விட்டுப் போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. இப்போது எல்லோருக்கும் அவள் புள்ளியக்கா.

தெருக்களுக்குக் கோடு வரைந்து கொடுக்கிற அலுவலகம் அது. கம்ப்யூட்டரில் தெருவை வரைந்து, நடுக்கோடு, ஓரக்கோடு, நிற்கிற கோடு, கடக்கிற கோடு எல்லாம் போட்டு அச்செடுத்துக் கொடுத்தால், பெயின்ட் அடிக்கிற ஆட்கள் அதைப் பார்த்து நிஜத் தெருவில் அடிப்பார்கள். முழுக்கோட்டை யார் வேண்டுமானாலும் இழுத்துவிடலாம், விட்டு விட்டுப் போகிற புள்ளிக்கோட்டில்தான் ஆளின் யோக்கியதை தெரியும் என்பது அவள் கட்சி. கோடு எவ்வளவு நீளம், இடைவெளி எவ்வளவு, தெருமுனைக்கு வரும்போது கடைசிக் கோடு முழுசாக நிற்கிறதா, பாதியில் நொண்டுகிறதா என்று யாராவது வாய்தவறிக் கேட்டுவிட்டால் தீர்ந்தது. கேட்டவர் டப்பாவில் கொண்டுவந்த சாப்பாடு ஆறி, விறைத்து, மறுநாள் சாப்பாடாகவே மாறிவிடும். தண்ணீர் கேன் போடுகிறவர் ஒருநாள் மரியாதைக்காக, "என்னம்மா அது கோடு?" என்று கேட்டு மாட்டிக்கொண்டார். மறுவாரத்திலிருந்து அவர் கேன்களைச் சம இடைவெளி விட்டுத்தான் அடுக்குகிறார்.

இப்பேர்ப்பட்டவளின் மேஜை இருந்த இடம் ஜெராக்ஸ் மிஷினுக்கும் கழிப்பறைக் கதவுக்கும் நடுவில். ஒரு பக்கம் சூடு, மறுபக்கம் சத்தம். கூடத்தின் மறுகோடியில் ஒரு ஜன்னல், ஜன்னலை ஒட்டி ஒரு மேஜை. வெளிச்சம் கம்ப்யூட்டர் திரையில் அடிக்கிறது என்று அந்த ஜன்னலின் மடிப்புத்திரையை யாரும் தூக்கியதே கிடையாது. வெளியே தெரு இருக்கிறதா கடல் இருக்கிறதா என்றுகூட அங்கே வேலை பார்த்தவர்களுக்குத் தெரியாது. இருந்தாலும் ஜன்னல் ஜன்னல்தானே. அது தலைமை வரைவாளரின் மேஜை. தலைமை வரைவாளர் ஓய்வு பெற்றுப் போனதிலிருந்து காலியாகக் கிடந்தது.

"இந்த சைக்கிள் தெரு ஒண்ணு பாஸ் ஆகட்டும் புள்ளி," என்று பெரிய என்ஜினியர் சொல்லியிருந்தார். "பதவியும் உனக்கு, ஜன்னலும் உனக்கு. சொதப்பிட்டேன்னு வை, நீ இருக்கிற இடத்துலயே இரு. கதவை மட்டும் கொஞ்சம் தள்ளி மாட்டச் சொல்றேன்."

சைக்கிள் தெரு என்பது அலுவலகத்துக்குப் பக்கவாட்டிலேயே ஓடுகிற தெருதான். எண்ணூறு மீட்டர் நீளம், நல்ல அகலம். அதில் கார் போகக் கூடாது, சைக்கிள் மட்டும்தான் என்று ஊர் நிர்வாகம் முடிவு செய்திருந்தது. நடுவில் ஒரு புள்ளிக்கோடு வேண்டும், கோட்டில் அங்கங்கே சைக்கிள் படம் வேண்டும்.

மென்பொருளில் இருந்த தயார்க் கோடுகளில் சைக்கிள் வைத்த கோடு இல்லை. புள்ளியக்கா தானே ஒன்று கட்டினாள். சமையல் குறிப்பு எழுதுவது போலத்தான் அது: ஒரு மீட்டர் கோடு, ஒரு மீட்டர் இடைவெளி, மறுபடி கோடு, மறுபடி இடைவெளி, இருபது மீட்டருக்கு ஒரு தரம் இரண்டு மீட்டர் நீளத்தில் ஒரு சைக்கிள். இப்படி ஒரு தரம் எழுதிக் கொடுத்துவிட்டால் போதும். அப்புறம் தெருவின் இந்த முனையில் ஒரு சொடுக்கு, அந்த முனையில் ஒரு சொடுக்கு. நடுவில் சைக்கிள்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசை கட்டி நிற்கும்.

நிற்க வேண்டும். ஆனால் அளவு என்று ஓர் எண் இருக்கிறது. அதுதான் இந்தத் தொழிலின் பேய். அதை அளவுக்கு மீறிப் பெரிதாக்கினால் ஒற்றைக் கோட்டுக்குள்ளேயே தெரு முடிந்துபோய், புள்ளிக்கோடு முழுக்கோடாகத் தெரியும். அளவுக்கு மீறிச் சிறிதாக்கினால் இடைவெளியெல்லாம் நசுங்கி அப்போதும் முழுக்கோடாகத்தான் தெரியும். கூடவே கம்ப்யூட்டரும் மூச்சுவாங்க ஆரம்பிக்கும். புள்ளியக்கா அந்த எண்ணோடு இரண்டு நாள் மல்லுக்கட்டி, மூக்கணாங்கயிறு மாட்டி, வழிக்குக் கொண்டுவந்துவிட்டாள். கட்டுத் தாள்களில், அதாவது தெருவைத் துண்டு துண்டாகப் பெரிதாகக் காட்டுகிற தாள்களில், எல்லாம் கச்சிதம். ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு மீட்டர். சைக்கிள் இரண்டு சென்டிமீட்டர், கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்.

வில்லங்கம் வந்தது பெரிய தாளில். முழுத் தெருவும் ஒரே தாளில் அடங்கும். ஒரு சென்டிமீட்டருக்குப் பத்து மீட்டர். பெரிய என்ஜினியர் அதைக் கையில் வாங்கினார், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், இறக்கினார்.

"என்ன புள்ளி இது? சைக்கிளா, கொசுவா?"

"சைக்கிள்தான் சார். இந்தத் தாள்ல ரெண்டு மில்லிமீட்டர்தான் வரும்."

"ஆய்வுக்கு வர்ற அதிகாரி கையில கொசுவைக் குடுக்க முடியுமா? அடிச்சுடுவார். பெரிசாக்கு."

அதற்கென்று மென்பொருளில் ஒரு விசை உண்டு. அதைப் போட்டுவிட்டால் கோட்டின் கோலம் தெருவின் அளவை விட்டுவிட்டுத் தாளின் அளவைப் பிடித்துக்கொள்ளும். எந்தத் தாளில் எடுத்தாலும் சைக்கிள் அதே இரண்டு சென்டிமீட்டர். பார்க்க லட்சணம், அளந்தால்தான் ஆபத்து. அதனால் பெரிய தாளின் மூலையில் 'இந்தத் தாளில் கோட்டையும் சைக்கிளையும் அளக்காதே, கட்டுத் தாளைப் பார்' என்று ஒரு வரி எழுத வேண்டும். இது அவளுக்குத் தெரியாததா? எழுதத்தான் கையைக் கொண்டுபோனாள். போகிற வழியில், கட்டுத் தாளில் இரண்டாவது குறுக்குத் தெரு பக்கம் ஒரு சைக்கிளின் முன்சக்கரம் சாக்கடை மூடியின் மேல் ஏறி நிற்பதைப் பார்த்துவிட்டாள்.

அவளுக்கு அது பல்லில் மாட்டிய நார். இடைவெளியை ஒரு மயிரிழை கூட்டினாள். அந்த மூடி தப்பியது, அடுத்த மூடி மாட்டியது. ஒரு மயிரிழை குறைத்தாள். கூட்டினாள். கடைசியில் நாற்பது சைக்கிள்களும் எந்த மூடியையும் மிதிக்காமல், கடைசிக் கோடு தெருமுனையில் முழுசாக வந்து நிற்க, அவள் நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றி, ஜெராக்ஸ் மிஷினுக்கு ஒரு முத்தம் கொடுத்து, அச்சுக்கு அனுப்பிவிட்டாள். மூலையில் எழுத வேண்டிய வரி அவள் தலைக்குள்ளேயே பத்திரமாக இருந்தது.

இரண்டு தாளிலும் பெரிய என்ஜினியர் கையெழுத்துப் போட்டார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. யார்தான் பார்ப்பார்கள்?

தெருவில் பெயின்ட் அடிக்கிற மேஸ்திரி வேறு யாருமில்லை, புள்ளியக்காவின் வீட்டுக்காரர்தான். இவள் வரைவாள், அவர் அடிப்பார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வீட்டில் சண்டை வந்தால் உப்புக்கும் புளிக்கும் வராது, கோட்டுக்குத்தான் வரும். போன தடவை கார் நிறுத்துமிடம் ஒன்றில் அவள் வரைந்த அம்புக்குறியைப் பார்த்து, 'இவளுக்கு என்ன தெரியும்' என்று மேஸ்திரி சொந்த யோசனையில் திருப்பி அடித்துவிட்டார். உள்ளே போன கார்கள் ஒன்றுக்கொன்று முகத்தைப் பார்த்துக்கொண்டு பாதி நாள் நின்றன. அன்றைக்கு இரவுச் சாப்பாட்டின்போது சத்தியம் நடந்தது.

"இனிமே ட்ராயிங்ல என்ன இருக்கோ அதை மட்டும் அடிங்க. உங்க மூளையை வண்டியிலேயே வச்சுட்டு இறங்குங்க."

"வச்சுட்டு இறங்கினா எவனாவது எடுத்துட்டுப் போயிடுவான்."

"போகட்டும். எடுத்தவன் ரெண்டு நாள்ல தானே கொண்டுவந்து குடுத்துடுவான். சத்தியம் பண்ணுங்க."

"சத்தியம். ஒரு நூல் கூட்ட மாட்டேன், ஒரு நூல் குறைக்க மாட்டேன். நீ போட்டதுதான் வேதம், போதுமா? சாம்பாரை ஊத்து."

அந்த ஞாயிற்றுக்கிழமை தெருவை அடைத்து வேலையை ஆரம்பித்தார்கள். வாரம் முழுக்க இடைவெளியோடு போராடிய புள்ளியக்கா வீட்டில் மரக்கட்டை மாதிரி தூங்கிக்கொண்டிருந்தாள். தெருவிலேயே ஐந்தாம் மாடியில் குடியிருக்கிற மாமியார் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். ஆக, தடுக்க யாருமில்லை.

மேஸ்திரியின் குழுவுக்கு ஒரு பழக்கம் உண்டு. வண்டியின் உள்கதவில் ஒரே ஒரு தாளை ஒட்டுவார்கள். அன்றைக்கு முழுக்க அதுதான் சட்டம். வண்டியோட்டுகிறவன் புள்ளியக்காவின் தம்பி. தலையில் முடி போய், வயிற்றில் தொப்பை வந்து, மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன் ஆனவன். கதவின் அளவுக்கு எந்தத் தாள் பாந்தமாக இருக்கிறது என்று பார்த்து அவன் பெரிய தாளை ஒட்டினான்.

"கட்டுத் தாளெல்லாம் எங்க மச்சான்?"

"பத்திரமா இருக்கு மாமா. பெயின்ட் டிரம் ஒழுகிச்சு, அடியில வச்சிருக்கேன்."

மேஸ்திரி அளவுகோலைக் கதவில் வைத்தார். சைக்கிள் இரண்டு சென்டிமீட்டர். சென்டிமீட்டருக்குப் பத்து மீட்டர். உதட்டை அசைத்துக் கணக்குப் போட்டார். இன்னொரு தரம் போட்டார். அவர் மீசைக்கு அடியில் ஒரு சிரிப்பு மெதுவாகப் புறப்பட்டு இரண்டு காதுக்கும் போய்ச் சேர்ந்தது.

"இருபது மீட்டர்."

"எது மாமா?"

"சைக்கிள்."

"எத்தனை சைக்கிள் சேர்த்து?"

"ஒத்தை சைக்கிள்டா."

தம்பி தெருவை இப்படிப் பார்த்தான், அப்படிப் பார்த்தான். "மாமா, அக்காவுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுடலாமே?"

"கூடாது," என்றார் மேஸ்திரி. "போன் பண்ணணும்னு தோணுது பாரு, அதுக்குப் பேருதான் சொந்த யோசனை. சத்தியம் பண்ணியிருக்கேன். கயிறை எடு."

தெரு நடுவில் ஆணி அடித்துக் கயிறு கட்டி, சாக்பீஸால் வட்டம் போட்டார்கள். சக்கரம் ஒன்று எட்டு மீட்டர். கம்பி ஒவ்வொன்றும் ஆள் படுத்து உருளுகிற அகலம். கைப்பிடி நடைபாதையில் ஏறி முடிதிருத்தும் கடையின் படிவரை போனது. கடைக்காரர் பாதி மழித்த வாடிக்கையாளரோடு வெளியே வந்து வேடிக்கை பார்த்தார். சீட்டின் மேல் இரண்டு குடும்பம் பாய் விரித்துப் படுக்கலாம். கைப்பிடியில் ஒரு மணி இருந்தது பாருங்கள், அதற்கு மட்டும் ஒரு டின் பெயின்ட் போனது. இருபது மீட்டருக்கு ஒன்று வர வேண்டியது இருநூறு மீட்டருக்கு ஒன்று என்று ஆகி, நாற்பது சைக்கிள் நான்காகச் சுருங்கியது. ஒரு மீட்டர் கோடெல்லாம் பத்து மீட்டர் ஆகிவிட்டது. கிடங்கில் பத்துத் தெருவுக்கு வைத்திருந்த வெள்ளை மொத்தமும் காலி. அதன் வாசனைகூட மிச்சமில்லை.

"பெயின்ட் தீருது மாமா!"

"தீரட்டும். உங்கக்கா கேட்டாளே மச்சான், உங்கக்கா கேட்டாளே!" என்று மேஸ்திரி பாட்டாகவே பாடினார். இருபது வருஷக் குடும்ப வாழ்க்கையில் அவர் இவ்வளவு சந்தோஷமாகப் பெண்டாட்டி பேச்சைக் கேட்டதில்லை.

சாயங்காலம் புருவத்தில் வெள்ளையோடு வீட்டுக்கு வந்தார்.

"எப்படி வந்திருக்கு?" என்று தவிப்போடு கேட்டாள் புள்ளியக்கா.

"நீ போட்டது எதுவோ அது. ஒரு நூல் கூட்டல, ஒரு நூல் குறைக்கல."

அவளுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. இரண்டு முட்டை சேர்த்துப் பொரித்துப் போட்டாள். அவர் அதையும் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். போர்வைக்குள் தோள் ஏன் அப்படிக் குலுங்குகிறது என்று அவளுக்குப் புரியவில்லை. அசதி போலிருக்கிறது என்று போர்வையை இழுத்துவிட்டாள்.

மறுநாள் காலை அதிகாரி ஆய்வுக்கு வருகிற நாள். புள்ளியக்கா இஸ்திரி போட்ட உடையோடு, ஜன்னல் மேஜையை ஓரக்கண்ணால் பார்த்தபடி தன் இடத்தில் உட்காரும்போது போன் அடித்தது. மகள் வீட்டிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்த மாமியார்.

"ஏம்மா, எங்க தெருவுல யாரோ சைக்கிள் படம் போட்டிருக்காங்க."

"நாங்கதான் அத்தை. நல்லா இருக்கா?"

"நல்லாத்தான் இருக்கு. ஓட்டப்போறவன் எந்த ஊருக்காரன்? தென்னை மர உயரம் இருப்பானா?"

"என்ன அத்தை சொல்றீங்க?"

"முன்சக்கரத்துக்குள்ள குப்பை லாரி நிக்குதும்மா. சுத்திலும் இடம் வேற இருக்கு."

புள்ளியக்கா செருப்பைப் போட்டாளா என்று அவளுக்கே தெரியாது. தெருவுக்கு ஓடினாள். அங்கே மேஸ்திரியும் தம்பியும் வண்டியில் சாய்ந்துகொண்டு நின்றார்கள். அவள் கண்ணுக்கு எந்தச் சைக்கிளும் படவில்லை. தரையெல்லாம் வெள்ளைப் பட்டைகள், ஏதேதோ வளைவுகள்.

"சைக்கிள் எங்கங்க?"

"அதுமேலதான் நிக்கிற," என்றார் மேஸ்திரி. "கொஞ்சம் தள்ளி நில்லு, பெடலு."

அவள் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து வண்டிக் கதவைப் பார்த்தாள். பெரிய தாள். மூலை வெறுமையாக இருந்தது. தலைக்குள் பத்திரமாக இருந்த அந்த ஒற்றை வரி இப்போது எழுந்து நின்று கையை ஆட்டியது.

"அடப்பாவி மனுஷா! இருபது மீட்டர்னதும் ஒரு சந்தேகம் வரலையா?"

"வந்துச்சு. வண்டியிலேயே வச்சுட்டு இறங்கிட்டேன்."

"ஏன்டா, நீயாவது கேட்டிருக்கக் கூடாதா?"

"கேட்கலாம்னேன்க்கா. அது சொந்த யோசனைன்னு சொல்லிட்டார்," என்றான் தம்பி பரிதாபமாக.

நெரிப்பதற்கு இரண்டு கழுத்தில் எதை முதலில் எடுப்பது என்று அவள் யோசிப்பதற்குள் அதிகாரியின் கார் தெருமுனையில் நின்றது. பெரிய என்ஜினியர் பளபளக்கிற ஷூவோடு ஓடிப்போய்க் கதவைத் திறந்தார்.

அந்த அதிகாரிக்கு ஊரில் அளவுநாடா என்று பெயர். நாடாவின் இந்த முனை, அந்த முனை, நடுவில் இருக்கிற எண். உலகத்தில் வேறு எதையும் அவர் பார்ப்பதில்லை. அவர் கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோது வாசற்படியின் உயரத்தைக் குறித்துக்கொண்டு திரும்பிவிட்டார் என்று சொல்வார்கள்.

"தாள்," என்று கையை நீட்டினார்.

கட்டுத் தாள்கள் டிரம்முக்கு அடியில் வெள்ளைக் கெட்டியாக ஒட்டிப்போயிருந்தன. தம்பி கதவிலிருந்து பெரிய தாளைப் பிய்த்துக் கொடுத்தான். புள்ளியக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தீர்ந்தது. ஜெராக்ஸ் மிஷின், கழிப்பறைக் கதவு, அங்கேயே தலை நரைத்து அங்கேயே பணி ஓய்வு.

அளவுநாடா மண்டியிட்டார். நாடாவை விரித்தார். "கோடு, பத்து மீட்டர். தாள்ல ஒரு சென்டிமீட்டர். சரி."

புள்ளியக்கா மூச்சை விட்டாள்.

"இடைவெளி, பத்து. சரி. இந்த வளைவு..." அவர் நாடாவை இழுத்துக்கொண்டு சக்கரத்துக்குள் குறுக்கே நடந்தார். குப்பை லாரிக்காரர் மரியாதையாக வண்டியை நகர்த்தினார். "விட்டம் எட்டு. சரி. தாள்ல சைக்கிள்னு இருக்கே, அது எங்க?"

"நீங்க இப்ப அதோட மணி மேல நிக்கிறீங்க சார்," என்றான் தம்பி.

"நல்லது," என்று அவர் உடனே மணியை அளந்தார். "சரி."

இப்படி நான்கு சைக்கிளுக்கும் நடந்தது. என்ன உருவம், எதற்கு இவ்வளவு பெரிது என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உருவம் அவர் இலாகா இல்லை. போகப் போக அவர் முகம் மலர்ந்தது. கடைசிச் சைக்கிளின் பின்சக்கரத்தில் எழுந்து நின்று முழங்காலைத் தட்டிக்கொண்டார்.

"என் சர்வீஸ்ல இப்படிப் பார்த்ததில்லை. எல்லாத் தெருவுலயும் தாள் ஒண்ணு சொல்லும், தரை ஒண்ணு சொல்லும். இங்க ஒரு விரக்கடை பிசகில்லை. யாரு மேஸ்திரி?"

மேஸ்திரி ஒரு அடி முன்னால் வந்து, புதுமாப்பிள்ளை மாதிரி தலை குனிந்தார். "எல்லாம் வரைஞ்சவங்க கைராசி சார்."

"பிரமாதம், பிரமாதம்," என்றார் பெரிய என்ஜினியர். எது பிரமாதம் என்று அவருக்குத் தெரியாது. புள்ளியக்காவின் காதோரம் குனிந்து, "ஜன்னலைத் துடைக்கச் சொல்லிட்டேன்," என்று முணுமுணுத்தார்.

அளவுநாடா தாளை வண்டியின் முகப்பில் விரித்துப் பேனாவைத் திறந்தார். இனி அவள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். மூடிக்கொண்டுதான் நின்றாள்.

"இதையே மாதிரியா வச்சுக்கலாம்," என்றார் அவர். "மீதித் தெரு எல்லாத்துக்கும் இதே தாள், இதே அளவு. ஊர் முழுக்க இப்படித்தான் வரணும்."

அவள் மனசு அங்கேதான் வழுக்கியது. ஊர் முழுக்க! மீன்கடைச் சந்து அவள் கண்ணில் வந்தது. அகலம் நாலு மீட்டர். சைக்கிளின் சக்கரம் ஒரு வீட்டுக் கூடத்துக்குள்ளும் கைப்பிடி எதிர்வீட்டுச் சமையலறைக்குள்ளும் போகும். தன் புருஷன் தூரிகையோடு கதவைத் தட்டி, 'அம்மா, கொஞ்சம் அடுப்பை நகர்த்துங்க, பெல்லு அடிக்கணும்' என்று கேட்பார். சத்தியம் பண்ணியவர் அல்லவா, கேட்பார். அந்த அம்மாவும் அடுப்பை நகர்த்துவார். அளவுநாடா உள்ளே வந்து பருப்புச் சட்டிக்கு அடியில் மண்டியிட்டு, 'சரி' என்பார்.

முதலில் மூக்கு வழியாகத்தான் வந்தது. இருமலாக மாற்றப் பார்த்தாள். முந்தானையை வாயில் திணித்தாள். தோள் குலுங்கியது. மேஸ்திரி அதைப் பார்த்தார். நேற்றிலிருந்து அடக்கி வைத்திருந்தது அவருக்கும் உடைந்தது. தம்பி வண்டிக்குப் பின்னால் ஓடினான், ஆனால் அவன் தொப்பை வெளியே தெரிந்து, அதுவும் குலுங்கியது.

"என்ன சிரிப்பு?" என்றார் அளவுநாடா.

"ஒண்ணுமில்ல சார், சந்தோஷம்," என்று பெரிய என்ஜினியர் அவசரமாகச் சொன்னார்.

"சார்," என்றாள் புள்ளியக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு. "பேனாவை மூடுங்க. கையெழுத்துப் போட்டுடாதீங்க. ஒரு நிமிஷம் மேல வாங்க."

"மேல எதுக்கு? தரை இங்க இருக்கு."

"இது இங்கருந்து தெரியாது சார்."

பெரிய என்ஜினியர் அவளைப் பார்த்த பார்வையில் ஜெராக்ஸ் மிஷினே பொசுங்கியிருக்கும். அவள் படியேறிவிட்டாள். ஜன்னல் போகிறது, போகட்டும். ஆனால் தன் பெயரைச் சொல்லி ஒரு ஊரே சைக்கிளுக்கு அடியில் மாட்டுவதை எண்ணினால் சிரிப்பும் வருகிறது, பயமும் வருகிறது. இரண்டையும் சேர்த்து எத்தனை வருஷம் அடக்க முடியும்?

ஐந்தாம் மாடியில் மாமியார் பால்கனியில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு வைத்திருந்தார், ஏதோ நாடகத்துக்கு ஆள் வருகிற மாதிரி.

"வாங்க, வாங்க. அந்தக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டுப் பாருங்க. என் பிள்ளை பெல்லு கூட விடாம போட்டிருக்கான்."

அளவுநாடா கம்பியைப் பிடித்துக் கீழே பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பழக்கதோஷத்தில் கை நாடாவை எடுத்தது. ஒரு முனையைக் கம்பியில் வைத்தது. மறுமுனையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. சக்கரத்துக்குள் இரண்டு பெண்கள் குடையோடு நின்று ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார்கள். கைப்பிடியில் முடிதிருத்துபவர் துண்டு காயப்போட்டிருந்தார். அளவுநாடாவின் தொண்டையிலிருந்து துருப்பிடித்த கேட்டைத் திறப்பது போல ஒரு சத்தம் வந்தது. எல்லோரும் பயந்துவிட்டார்கள். அப்புறம்தான் தெரிந்தது, அவர் சிரிக்கிறார்.

"நான்... நான் மணியை அளந்தேன்," என்றார் மூச்சுத் திணறி. "சரின்னு சொன்னேன்!"

"யாரு வேலை இது?" என்று பெரிய என்ஜினியர் கத்தினார். "புள்ளி! நாற்பது சைக்கிள் எங்க?"

"பெரிய தாள்ல கொசு மாதிரி இருக்குன்னு சொன்னீங்களே சார். பெரிசாக்குன்னீங்க. அதுக்கான விசையைப் போட்டேன். போட்டா எந்தத் தாள்லயும் சைக்கிள் ஒரே அளவா அச்சாகும், அந்தத் தாளை அளக்கக் கூடாது. அளக்காதேன்னு எழுத மறந்துட்டேன். அது என் தப்புதான்." அவள் சொல்லிவிட்டு நிமிர்ந்து நின்றாள். "கட்டுத் தாள்ல எல்லாம் சரியா இருக்கு சார். ஒரு சாக்கடை மூடியைக்கூட மிதிக்கல."

"அப்ப ரெண்டு தாளும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகல," என்றார் அளவுநாடா கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ரெண்டுலயும் சரிபார்த்ததுன்னு கையெழுத்து யாரோடது?"

பால்கனியில் நல்ல காற்று. பெரிய என்ஜினியருக்கு மட்டும் வியர்த்தது.

"காபி ஆறுது," என்றார் மாமியார். "கையெழுத்துப் போட்டவருக்குச் சர்க்கரை போடலாமா, வேண்டாமா?"

காபி முடிவதற்குள் தீர்ப்பு வந்தது. சைக்கிள்களைக் கறுப்பு அடித்து மூடி, கட்டுத் தாளின்படி மறுபடி அடிக்க வேண்டும். இனி எந்தத் தெருவானாலும், எல்லாத் தாளும் ஒத்துப்போகிறது என்று ஒரே ஆள் பொறுப்பேற்றுச் சொன்னால்தான் அளவுநாடா நாடாவையே விரிப்பார். அந்த ஆள் யார் என்று அலுவலகத்தில் கேட்டபோது, நேற்றுவரை ஜன்னலுக்கு ஆசைப்பட்டவர்கள் எல்லோருக்கும் அவசரமாக ஜெராக்ஸ் எடுக்க வேண்டியிருந்தது. அடுத்த தப்புக்கு ஒரு சொந்தக்காரர் கட்டாயம் வேண்டும். அந்த விசை என்ன செய்யும் என்று தெரிந்த ஆளும் ஒருத்திதான். தெரிந்ததை எங்கே போய்ச் சொல்லித் தொலைப்பாள் என்பதையும் பெரிய என்ஜினியர் பால்கனியிலேயே பார்த்துவிட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு உத்தரவில் கையெழுத்துப் போட்டார். இந்தத் தடவை மூன்று தரம் படித்துவிட்டுப் போட்டார்.

புள்ளியக்கா தலைமை வரைவாளர் ஆனாள். முதல் வேலையாகப் பெரிய தாள்களின் மூலையில் அந்த வரியைப் போட்டாள், தடித்த எழுத்தில், கட்டம் கட்டி. வீட்டிலும் சத்தியம் திருத்தப்பட்டது: சந்தேகம் வந்தால் போன் பண்ணலாம், அது சொந்த யோசனையில் சேராது. மேஸ்திரி அன்றிலிருந்து நாளுக்குப் பத்துத் தரம் போன் பண்ணி, "பெயின்ட் வெள்ளைதானே? ஈரமாத்தானே இருக்கணும்?" என்று கேட்டு உயிரை எடுத்தார்.

தெருவில் நாற்பது சின்னச் சைக்கிள்கள் வரிசை கட்டின. நான்கு பெரியவை கறுப்புக்கு அடியில் போய்விட்டன. போய்விட்டன என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

முதல் மழை ஒரு மத்தியானம் வந்தது. ஜன்னல் மேஜையில் போன் அலறியது.

"வந்துடுச்சும்மா!" என்று மாமியார் சின்னப் பெண் மாதிரி கூவினார். "நாலும் வந்துடுச்சு!"

புள்ளியக்காவுக்குப் புரிந்துவிட்டது. தார் ஒரு விதமாக நனையும், மேலே பூசிய கறுப்பு இன்னொரு விதமாக நனையும். காய்ந்திருக்கும்போது ஒளிந்திருப்பது ஈரத்தில் பளபளவென்று எழுந்து வரும். அவள் எழுந்தாள். அந்தக் கூடத்தில் யாரும் தொட்டிராத மடிப்புத்திரையின் கயிற்றைப் பிடித்து இழுத்தாள். தூசி மேகமாகக் கிளம்பியது, நாலு பேர் தும்மினார்கள், வெளிச்சம் எல்லாத் திரையிலும் அடித்தது. கீழே மழை. மழையில் கறுத்துப் பளபளக்கிற ஒரு சக்கரம், எட்டு மீட்டர், கம்பி கம்பியாக. அதன் நடுவில், வண்டியை ஓரம் கட்டிவிட்டு, புருஷனும் தம்பியும் நனைந்தபடி நின்று மேலே பார்த்துக் கையை ஆட்டினார்கள். மேஸ்திரி மணி இருந்த இடத்துக்கு ஓடிப்போய் அதை மிதித்து மிதித்துக் காட்டினார்.

"என்ன சத்தம் அங்க?" என்று பெரிய என்ஜினியர் அறையிலிருந்து வந்து, அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். இறக்கினார்.

"சொல்லுங்க சார்," என்றாள் தலைமை வரைவாளர். "சைக்கிளா, கொசுவா?"